ஆறு எப்போது நாலா ஆயிற்று?

நீண்ட பதிவு, பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன்.

கல்யாணில் ஞாயிறுதோறும் தமிழ் பயிலும் சிறுவர் சிலருக்கு நானும் ஒரு மணி நேரம் பாடம் சொல்வதுண்டு. சென்ற மாதம் அவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். அவரவர் வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தை வரைபடமாக வரைந்து, அதிலுள்ள மேடு, பள்ளம், நீர் ஆகியவற்றுக்குத் தமிழில் பெயர் எழுதி வரவேண்டும். ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மிக அழகாக வரைந்து வந்தான். தொலைவில் தெரியும் குன்றுக்கு 'மலை' என்று எழுதியிருந்தான். துர்காடி கோட்டையின் அடியில் விரிந்து கிடக்கும் நீருக்குக் 'காடி' என்றும், தன் வீட்டுப் பின்புறம் ஓடும் வால்துனிக்கு 'நாலா' என்றும் எழுதியிருந்தான். "தம்பி, தமிழில் எழுதச் சொன்னேனே" என்றேன். "சார், இதுக்கெல்லாம் தமிழ்ல என்ன சார்?" என்று கேட்டான்.

அவனை அழைத்துச் செல்ல வந்திருந்த தாத்தா படத்தை வாங்கிப் பார்த்தார். தாமிரபரணி கடலில் கலக்கும் பழையகாயல் பக்கத்துக்காரர். இளமையில் தாராவித் தோல் பதனிடும் கூடத்தில் உழைத்துவிட்டு முதுமையில் கல்யாணுக்கு வந்தவர். கோட்டையடி நீரைத் தொட்டுக் காட்டி, "இது ஆறும் இல்ல, கடலும் இல்ல. எங்க ஊர்ல இதக் காயல்னு சொல்லுவோம், கழின்னும் சொல்லுவோம்" என்றார். "சரியாகச் சொன்னீர்கள் அண்ணாச்சி" என்று சிறுவனிடம் அச்சொல்லை எழுதச் சொன்னேன். பிறகு அவர் விரலை நகர்த்தி வால்துனியின்மேல் வைத்து, "இது நாலாதான, வேற என்ன?" என்றார்.

இரு நீருக்கும் அவர் சொன்ன இரு விடைகளே இப்பதிவுக்குக் காரணம். முதல் விடை சரி. இரண்டாவது விடையில் ஒரு பெருநகரத்தின் வரலாற்றுப் பிழை முழுவதும் அடங்கியிருக்கிறது.

1. கடல் உள்ளே வந்த ஊர்

கல்யாண் கடற்கரை ஊரன்று. அரபிக்கடலுக்கும் இவ்வூருக்கும் இடையே சாஷ்டித் தீவு முழுவதும் கிடக்கிறது. ஆயினும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இது பெயர்பெற்ற துறைமுகம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழி நூல் இதனைக் 'கல்லியேனா' என்று குறிக்கிறது. மூத்த சரகனஸ் காலத்தில் இது முறையான வணிகத்துறையாக இருந்தது என்றும், சந்தனேஸ் என்பான் கைக்கு வந்தபின் இங்கு வரும் கிரேக்கக் கலங்கள் காவலுடன் பரிகாசாவுக்கு, அதாவது இன்றைய பரூச்சுக்குக் கொண்டு செல்லப்படக்கூடும் என்றும் அந்நூல் எச்சரிக்கிறது. துறை தடைபட்டது என்னும் அக்குறிப்பைப் படித்துவிட்டு, மணல் தூர்ந்து துறை அழிந்ததாகச் சிலர் எழுதுவர். நூல் கூறும் தடை அரசியல் தடையே. சரகனஸ் என்பது சாதகர்ணி என்னும் சாதவாகனப் பெயரின் கிரேக்க வடிவம் என்பர். சிலப்பதிகாரம் குறிப்பிடும் நூற்றுவர் கன்னரும் இம்மரபினரே என்பது அறிஞர் பலரின் கருத்து.

சாஷ்டித் தீவிலுள்ள கன்ஹேரிக் குகைக் கல்வெட்டுகளில் கல்யாணைச் சேர்ந்த கொடையாளர் பெயர்கள் உள்ளன. ஆறாம் நூற்றாண்டில் கோஸ்மாஸ் என்னும் வணிகத் துறவியும் 'கல்லியானா'வைப் பெருந்துறைகளுள் ஒன்றாக எண்ணினார். 1657இல் கல்யாணைக் கைப்பற்றிய சிவாஜி, தம் கப்பற்படைக்கான கலங்களைக் கட்டத் தேர்ந்த இடங்களுள் இக்கரையும் ஒன்று.

கடலில்லாத ஊர் துறைமுகமானது எப்படி? கடல் இங்கு உள்ளே வருகிறது என்பதே விடை. சஹ்யாத்ரி மலையில் லோணாவளாப் பக்கம் தோன்றும் உல்லாஸ் ஆறு வடமேற்காக இறங்கிக் கல்யாணைத் தொடுகிறது. அங்கிருந்து சாஷ்டித் தீவின் வடபுறம் சுற்றி வசாய் அருகே கடலில் கலக்கிறது. நிலம் மிகத் தாழ்வானது. ஆகவே கடலோதம் ஆற்றை எதிர்த்துக் கல்யாண் வரை ஏறும். ஓதம் இறங்குகையில் நீரும் இறங்கிச் சேறு வெளிப்படும். நாளொன்றுக்கு இருமுறை இது நிகழ்கிறது. ஏறும் ஓதத்தை மராத்தியர் 'பர்த்தி' என்பர். இறங்கும் ஓதத்தை 'ஓஹோட்டி' என்பர். பாய்மரக் கலத்துக்கு இதனினும் நல்ல துறை இல்லை. ஓதத்தோடு ஏறி வரலாம். புயலுக்கு அஞ்ச வேண்டா. ஓதத்தோடு இறங்கிப் போகலாம்.

இத்தகைய நீரை மராத்தியில் 'காடி' என்றும் தமிழில் 'கழி' என்றும் வழங்குகிறோம். ஆங்கிலேயர் 'கிரீக்' என்றனர். பிரிட்டனில் அச்சொல் கடலோத நீர் புகும் வாயைக் குறிக்கும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அதே சொல் சிற்றாற்றைக் குறிக்கும். இவ்வேறுபாட்டை அறியாமல் அகராதியைத் திறந்து 'சிற்றோடை' என்று மொழிபெயர்ப்போர் இன்றும் உளர். தாணே கழி ஏறத்தாழ 26 கிலோமீட்டர் நீளமுடையது. அதனைத் 'தாணே சிற்றோடை' என்று அச்சில் கண்டபோது நான் சிரிக்கவில்லை, அஞ்சினேன். காரணம் பின்னர்ச் சொல்கிறேன்.

2. தமிழின் கையிருப்பு

நிலத்தை ஐந்தாகப் பகுத்து வாழ்வையே அதில் அமைத்துக் கண்ட மொழி நம்முடையது. நெய்தல் நிலத்துக்கு மட்டும் அதனிடம் எத்தனை சொற்கள் உள்ளன என்று பாருங்கள். கடலோதம் புகுந்து நிற்கும் உப்புநீர் கழி. அதன் கரைச்சோலை கானல். அலை ஒதுக்கிக் குவித்த மணல்மேடு எக்கர். உப்பு விளையும் பாத்திநிலம் அளம். ஆறு கடலிற் புகும் இடம் புகார் அல்லது கழிமுகம். சோழர் பட்டினம் புகார் என்று பெயர் பெற்றதும் இக்காரணத்தாலேயே. நிலம் கடலுக்குள் நீண்டு முடியும் இடம் கோடி. கோடிக்கரையும் தனுஷ்கோடியும் அதற்குச் சான்று.

ஆற்றின் நடுவே நீர் சூழ்ந்த திட்டுக்கு அரங்கம் என்றும் துருத்தி என்றும் பெயர். காவிரி சூழ்ந்த திருவரங்கமும் திருப்பூந்துருத்தி என்னும் ஊர்ப்பெயரும் நிலவியல் குறிப்புகளே. தேங்கிய நீருக்கும் அவ்வாறே பல பெயர்கள்: ஏரி, குளம், கண்மாய், தாங்கல், ஏந்தல், ஊருணி, குட்டை. இவை ஒரு பொருளின் பல பெயர்கள் என்று எண்ணுவது தவறு. ஊருணி ஊர் உண்ணும் நீர். அதில் கால் கழுவுவதையும் ஊரார் பொறுக்கமாட்டார். கண்மாய் பாசனத்துக்குரியது. பெயரைச் சொன்னவுடன் அந்த நீரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

இலங்கைத் தமிழர் சில இடங்களில் நம்மினும் நுட்பமாக வழங்குகின்றனர். நாம் வடமொழி வழியாகத் 'தீபகற்பம்' என்பதை அவர்கள் 'குடாநாடு' என்பர். கடலோரத்தில் அடைபட்டு நிற்கும் உவர்நீர்ப் பரப்பு அவர்களுக்குக் களப்பு; மட்டக்களப்பு என்னும் பெயரே அதனைச் சொல்லும். நாமோ பழவேற்காட்டில் கிடக்கும் அதே வகை நீரை 'ஏரி' என்று எழுதிவிட்டு, அதில் கடல்மீன் எப்படி வந்தது என்று வியக்கிறோம்.

அண்ணாச்சியின் ஊருக்கு வருவோம். பாண்டியரின் முத்துத்துறையாகிய கொற்கையைக் 'கொல்கி' என்று அதே பெரிப்ளூஸ் நூல் குறிக்கிறது. அன்று கடல்வாயில் இருந்த கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கும் சிற்றூர். தாமிரபரணி கொணர்ந்த வண்டல் கடலைத் தள்ளிவிட்டது. துறை இடம்பெயர்ந்து காயல் என்னும் ஊர் எழுந்தது. மார்க்கோ போலோ கண்டு எழுதிய 'காயில்' அதுவே. ஊரின் பெயரே நீரின் பெயர். அந்த நீரைப் பார்த்து வளர்ந்தவர் ஆதலால் கல்யாணின் கழியைக் கண்டதும் அவர் வாயில் தானாகச் சொல் வந்தது. ஒரே நூலில் இடம்பெற்ற இரு பழந்துறைகளை அவருடைய ஒரு சொல் இணைத்துவிட்டது.

இரு கரைகளுக்கும் பொதுவான மற்றொரு சொல்லையும் இங்கே காட்டலாம். கழியின் சேற்றில் வேரூன்றி நிற்கும் செடியைச் சங்கப் பாடல்கள் கண்டல் என்கின்றன. மராத்தியில் அக்காட்டின் பெயர் 'காந்தள்வன்'. தாணே கழியின் கரையெங்கும் இது படர்ந்துள்ளது. ஆண்டுதோறும் பூநாரைகள் வந்திறங்கும் அக்கழியின் ஒரு பகுதி 2015இல் சரணாலயமாகவும், 2022இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது.

3. நிலையப் பெயர்களில் உறைந்த நீர்

இனிக் கல்யாணிலிருந்து மும்பைக்கு வண்டியேறுவோம். 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணே வரை ஓடிய முதல் பயணிகள் ரயிலைப் பற்றி அனைவரும் அறிவோம். மறு ஆண்டே அவ்விருப்புப்பாதை தாணே கழியைப் பாலத்தால் கடந்து கல்யாண் வந்தது. நாள்தோறும் அவ்வழியே செல்லும் நாம், பெயர்ப்பலகைகளைப் படிக்கிறோம், பொருளைப் படிப்பதில்லை.

மும்பை ஒரு காலத்தில் ஏழு தீவுகள். கிரேக்க நூலாசிரியர் தாலமி கூறும் 'ஹெப்டனேசியா', அதாவது ஏழு தீவு, இதுவே என்று அடையாளம் காண்பது வழக்கம். தீவுகளுக்கிடையே ஓதம் புகுந்து வெளியேறியது. ஒர்லிப் பக்கத்துக் கடல்வாய் 1784இல் ஹார்ன்பி வெல்லார்ட் என்னும் அணையால் அடைக்கப்பட்டது. அதன்பின் இடையிடையே கிடந்த நீர்ப்பரப்புகள் சிறிது சிறிதாக நிரப்பப்பட்டன. கோலாபாவுக்கு 1838இல் தாம்போதி வந்தது. மாஹிம் கழியைப் படகில் கடக்கையில் மக்கள் மூழ்கி மாண்டதால், ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் துணைவியார் அவாபாய் தம் பொருளிலிருந்து 1,57,000 ரூபாய் கொடுத்து 1845இல் மாஹிம் தாம்போதி அமையச் செய்தார்.

நீர் போயிற்று, பெயர் நின்றது. 'பாய்தோனி' என்றால் கால் கழுவுமிடம். தீவுக்குத் தீவு நடந்து கடந்தோர் ஓதநீரின் சேற்றைக் கழுவிய இடம் அது. இன்று நகைக்கடைத் தெரு. 'உமர்காடி'யில் காடி என்னும் சொல் இருக்கிறது, கழி இல்லை. 'தோபி தலாவ்' பகுதியில் தலாவ், அதாவது குளம் இல்லை. 'டோங்கிரி' என்பது குன்று, 'கிர்காவ்' மலையூர். 'சயான்' என்று நாம் சொல்லும் நிலையத்தின் மராத்திப் பெயர் 'ஷீவ்'. எல்லை என்று பொருள். பம்பாய்த் தீவு முடிந்து சாஷ்டித் தீவு தொடங்கும் எல்லை அங்கிருந்தது. சாஷ்டி என்பதோ அறுபத்தாறு ஊர்களைக் குறித்த எண்ணுப்பெயர்.

நகரின் பெயருக்கே ஒரு நிலவியல் கதை கட்டினர். 'போம் பஹியா', அதாவது நல்ல வளைகுடா என்று போர்ச்சுகீசியர் அழைத்ததால் 'பாம்பே' ஆயிற்று என்பது அக்கதை. போர்ச்சுகீசிய மொழியில் 'பஹியா' பெண்பாற் சொல். ஆதலால் 'போவா பஹியா' என்றே வந்திருக்க வேண்டும். இலக்கணமே கதையை மறுக்கிறது. மும்பாதேவியின் பெயரே மூலம். 1995இல் அதுவே அரசுமுறைப் பெயராயிற்று.

4. கணவாயை மலையாக்கிய சொல்

தவறாகப் பெயரிடுவது புதிதன்று. அது எப்போதும் கேடாக முடிவதும் இல்லை. கல்யாண் சந்திப்பில் இருப்புப்பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கசாரா வழியாகத் தால் காட் ஏறும். மற்றொன்று கர்ஜத் வழியாகப் போர் காட் ஏறும். 1863இல் போர் காட் பாதை திறக்கப்பட்டது. தமிழகத்திலிருந்து புனே வழியாக வரும் வண்டிகள் அதன் வழியாகவே இறங்கி நம்மை இங்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. இரண்டு பெயர்களிலும் உள்ள 'காட்' என்பதற்கு மலையைக் கடக்கும் வழி என்று பொருள். ஆற்றில் இறங்கும் படித்துறைக்கும் அதே சொல் வழங்கும். இறங்குவதே அதன் உட்பொருள்.

கல்யாணிலிருந்து ஜுன்னருக்கு வணிகர் ஏறிய பழைய வழி நாணேகாட். சாதவாகன அரசி நாகனிகாவின் புகழ்பெற்ற பிராகிருதக் கல்வெட்டு அக்கணவாயின் குகையில் உள்ளது. சுங்கக் காசு இடும் தொட்டி என்று வழிவழியாகச் சொல்லப்படும் கற்கலம் ஒன்றையும் அங்கே இன்றும் காணலாம்.

ஐரோப்பியர் இவ்வழிகளின் பெயரைக் கேட்டு மலைக்கே அப்பெயரை வைத்துவிட்டனர். சஹ்யாத்ரி 'வெஸ்டர்ன் காட்ஸ்' ஆயிற்று; வழியின் பெயர் மலையின் பெயராயிற்று. இதனைத் தமிழில் ஆக்கியவர்கள் சொல்லுக்குச் சொல் பெயர்க்கவில்லை. 'மேற்குக் கணவாய்கள்' என்றோ 'மேற்குப் படித்துறைகள்' என்றோ எழுதியிருந்தால் நகைப்புக்கிடமாகியிருக்கும். நிலத்தைப் பார்த்து 'மேற்குத் தொடர்ச்சி மலை' என்றனர். மலை தொடர்ந்து நிற்கிறது. பெயரும் அதனையே சொல்கிறது. பாலக்காட்டில் மலை இடைவெளி விடும் இடத்துக்குக் கணவாய் என்னும் சொல்லைத் தனியே காத்துக்கொண்டனர். நல்ல கலைச்சொல் அகராதியிலிருந்து பிறப்பதில்லை, நிலத்திலிருந்து பிறக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

5. நாலா

இப்போது அண்ணாச்சியின் இரண்டாவது விடைக்கு வருகிறேன்.

'நாலா' என்னும் இந்திச் சொல் முதலில் இழிசொல்லன்று. மழைநீர் ஓடும் சிற்றோடை என்பதே அதன் பொருள். ஆங்கிலேயர் அதனை எடுத்துத் தம் ஆவணங்களில் 'நல்லா' என்று எழுதினர். நகரம் பெருகப் பெருக, ஓடைகளில் கழிவு விடப்பட்டது. ஓடையைக் குறித்த சொல் சாக்கடையைக் குறிக்கும் சொல்லாயிற்று. அதன்பின் எந்த ஆற்றில் கழிவு விடப்பட்டதோ அந்த ஆறும் 'நாலா' என்று அழைக்கப்பட்டது. பெயர் அவ்வாறு ஆனபின், அதில் கழிவு விடுவது இயல்பாயிற்று. எது முதல், எது பின் என்று பிரிக்க முடியாத சுழல் இது.

மித்தி ஆற்றைப் பாருங்கள். விஹார் ஏரியிலிருந்து வழியும் நீரே அதன் தலை. பவாய் ஏரியின் நீரும் வந்து சேரும். பதினெட்டு கிலோமீட்டரளவு ஓடி மாஹிம் கழியில் கலக்கிறது. அந்த விஹார் ஏரி 1860இல் கட்டி முடிக்கப்பட்டு, பம்பாய்க்கு முதன்முதலில் குழாய்நீர் அளித்தது. இந்தியில் 'மீட்டா' என்றால் இனியது. மராத்தியில் 'மீட்' என்றால் உப்பு. நன்னீராகத் தோன்றி உப்பங்கழியில் முடியும் ஆற்றுக்கு இரு பொருளும் பொருந்தும். ஆனால் நகரில் பெரும்பாலோர்க்கு அது நாலாவாக மட்டுமே தெரிந்திருந்தது. கரைகள் நெருக்கப்பட்டன, விமான நிலைய ஓடுதளத்தின் அடியில் அது நுழைந்து செல்ல நேர்ந்தது, கழிமுகத்துச் சதுப்பு நிரப்பப்பட்டு அலுவலகக் கட்டடங்கள் எழுந்தன. நாலாவுக்கு எதற்கு அகலம்? நாலாவுக்கு எதற்கு வெள்ளச் சமவெளி?

2005 ஜூலை 26. சாந்தாகுருஸ் வானிலை நிலையம் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழையைப் பதிவு செய்தது. கடலோதமும் ஏறி நின்றது. மழைநீர் இறங்க வழியில்லை. குர்லா, கலீனா, தாராவி, சயான் எங்கும் நீர். மும்பையில் மட்டும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். இங்கே கல்யாண், பத்லாபூர்ப் பகுதிகளில் உல்லாஸ் ஆறு கரை கடந்து புகுந்தது. அன்றிரவு மின்சாரமின்றி, மூன்றாம் மாடிப் படிக்கட்டில் முன்பின் அறியாத பதினான்கு பேரோடு அமர்ந்திருந்தவர்களுள் நானும் ஒருவன். கீழ்வீட்டு மூதாட்டி ஒருவர் மட்டும் மராத்தியில் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "நதி வந்திருக்கிறது." நாங்கள் எல்லாரும் நாலா பெருகியது என்றே பேசிக்கொண்டிருந்தோம். அவர் ஒருவருக்குத்தான் வந்தது யாரென்று தெரிந்திருந்தது.

அடுத்த மாதமே மித்தி ஆற்றுக்கென அரசு தனி ஆணையம் அமைத்தது. அதன் பெயரில் 'ஆறு' என்னும் சொல் இருந்தது. செய்தித்தாள்களும் ஆறு என்று எழுதத் தொடங்கின. தன்னூடே ஓடுவது ஆறு என்பதை அறிய ஒரு நகரம் அத்தனை உயிர்களை விலையாகக் கொடுத்தது.

கல்யாணின் வால்துனிக்கு அந்தத் திரும்பப்பெறுதலும் கிட்டவில்லை. அம்பர்நாத்தில் சிலாஹார மன்னர் காலத்து, கி.பி. 1060ஆம் ஆண்டுக் கல்வெட்டுடைய சிவாலயம் நிற்கிறது. கொங்கணத்தின் தலைசிறந்த கற்றளிகளுள் ஒன்று. அக்கோயிலைக் கட்டியோர் அதற்குத் தேர்ந்த இடம் வால்துனியின் கரை. கோயிலை ஆற்றங்கரையில் எழுப்புவர். சாக்கடைக் கரையில் எவரும் எழுப்பார். அங்கிருந்து உல்லாஸ்நகர் வழியாக ஓடிக் கல்யாணில் உல்லாஸ் ஆற்றோடு கலக்கும் அந்த நீர், ஆலைக் கழிவாலும் சாயக் கழிவாலும் நிறம் மாறி, இன்று ஒரு சிறுவனின் வரைபடத்தில் நாலாவாக நிற்கிறது. 2019 ஜூலை 27 அன்று வெள்ளம் சூழ்ந்து மஹாலக்ஷ்மி விரைவு வண்டி பத்லாபூருக்கும் வாங்கணிக்கும் இடையே நின்றுபோனதும், பயணிகளைப் படகிலேற்றி மீட்டதும் நினைவிருக்கும். இந்நிலத்தின் ஆறுகள் தாம் ஆறென்பதை நமக்கு அவ்வப்போது நினைவூட்டிக்கொண்டே இருக்கின்றன.

இக்குறை மும்பைக்கு மட்டும் உரியதன்று. சென்னையில் கூவம் என்னும் ஆற்றுப்பெயரை அழுக்குக்கு ஆகுபெயராக நாமே ஆக்கிவிட்டோம். பள்ளிக்கரணைக் கழுவெளி அரசுத்தாளில் தரிசாகி, குப்பைமேடாகி, குடியிருப்பாகி, 2015 டிசம்பரில் மறுபடியும் கழுவெளியாயிற்று. தாணே கழியைச் சிற்றோடை என்று எழுதக் கண்டு நான் அஞ்சியது இதனாலேதான். சொல் சுருங்கினால் அடுத்துச் சுருங்குவது நீர்.

6. சதுப்பின்மேல் குடியேறியவர்கள்

தாராவியைப் பற்றிச் சொல்லாமல் இவ்வரலாறு முடியாது. மாஹிம் கழியின் ஓரத்தில் கோலி மீனவர் வாழ்ந்த கோளிவாடாவே பழைய தாராவி. அங்கே 'காலா கில்லா' என்னும் சிறு கோட்டை இன்றும் உள்ளது. ஆளுநர் ஜான் ஹார்ன் ஆணையால் 1737இல் கட்டப்பட்டது என்று அதன் கல்லே கூறும். எல்லைக்கழியின் கரையைக் காக்க எழுந்த அக்கோட்டையைச் சுற்றி இன்று குடியிருப்புகளே உள்ளன; கழி விலகிப் போய்விட்டது. தாம்போதிகளும் நிரப்புதலும் ஓதத்தைத் தடுக்க, மீன்பிடிப்பு நலிந்தது, சதுப்பு வெளிப்பட்டது.

நகரம் தான் விரும்பாத தொழில்களை அந்தச் சதுப்புக்குத் தள்ளியது. தோல் பதனிடுதல் அவற்றுள் ஒன்று. அத்தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம்மவர், காலடியில் நீர் ஊறும் நிலத்தைக் குப்பையும் மண்ணும் கொட்டித் தம் கையாலேயே மேடாக்கிக் குடிசையிட்டனர். இன்று அந்நிலத்தின் விலையை எல்லாரும் பேசுகின்றனர். அதனை நிலமாக்கியவர் யார் என்பதை எவரும் பேசுவதில்லை. அரசுத்தாள் அவர்களை 'ஆக்கிரமிப்பாளர்' என்றது. அதே கழியை நிரப்பிப் பெருங்கட்டடம் எழுப்பியோரை 'மேம்பாட்டாளர்' என்றது. ஒரே செயலுக்கு இரு பெயர். நிலத்துக்கு மட்டுமன்றி, நிலத்தில் நிற்பவர்க்கும் பெயரே விதியாகிறது.

தாராவியை ஒட்டிக் குப்பைமேடாகக் கிடந்த ஒரு பகுதி பின்னர் மஹாராஷ்டிர இயற்கைப் பூங்காவாக மாற்றப்பட்டது. இன்று அங்கே மரமும் பறவையும் உள்ளன. பெயரை மாற்றி, அதற்கேற்ப நடந்துகொண்டால் நிலம் மீளும் என்பதற்கு அது கண்முன் நிற்கும் சான்று.

7. பெயரைத் திருப்பித் தருதல்

பாளையங்கோட்டையில் பணியாற்றிய இரேனியஸ் 1832இல் 'பூமி சாஸ்திரம்' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். அன்று தொடங்கி விரிகுடா, வளைகுடா, நீரிணை, நிலச்சந்தி, கழிமுகம் என்று பள்ளி நூல்களில் கலைச்சொற்கள் பெருகியுள்ளன. தேர்வில் அவற்றை எழுதி மதிப்பெண் பெறுகிறோம். பாக் நீரிணை எங்குள்ளது என்று நம் சிறுவர் சொல்வர். வீட்டின் பின்னால் ஓடுவது ஆறா, கழியா, ஓடையா என்று கேட்டால் விழிப்பர். கலைச்சொல் வரைபடத்தில் தங்கிவிட்டது, காலடிக்கு வரவில்லை. பழையகாயலிலிருந்து வந்த தலைமுறையிடம் சொல் இருக்கிறது. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் கல்யாணிலும் பிறந்த தலைமுறையிடம் வரைபடம் இருக்கிறது. இரண்டையும் ஒரு மேசையில் கொண்டுவந்து வைப்பதே நம் வேலை.

மராத்திச் சொல்லை விலக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. காடி என்பது இந்நிலத்தின் மூத்த சொல், மதிப்புக்குரிய சொல். கழி என்று தெரிந்தவனுக்குக் காடியின் பொருளும் விளங்கும். எதையும் விளக்காமல் எல்லாவற்றையும் மூடுவது நாலா என்னும் ஒரு சொல்லே.

அடுத்த ஞாயிறு அண்ணாச்சியையும் பேரனையும் வகுப்புக்கு முன்னரே வரச்சொல்லி, அம்பர்நாத் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். கோயிற்புறத்தில் ஓடும் நீரைக் காட்டி, "இதுதான் அண்ணாச்சி, உங்கள் வீட்டுப் பின்னால் வருவது" என்றேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆத்தங்கரைல இருந்துகிட்டு இத்தன வருசம் நாலான்னுல சொல்லிட்டேன்" என்றார். பேரன் படத்தை எடுத்து, 'நாலா' என்பதை அழிப்பானால் தேய்த்துவிட்டு, 'வால்துனி ஆறு' என்று எழுதினான். தாளில் பழைய எழுத்தின் தடம் இன்னும் தெரிகிறது. அதுவும் வரலாறுதானே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நண்பர்களே, உங்கள் வீட்டுக்கு அருகில் ஓடும் அல்லது தேங்கும் நீருக்கு உங்கள் தாத்தா பாட்டி என்ன பெயர் சொன்னார்கள், இன்று என்ன பெயர் சொல்கிறீர்கள் என்பதை ஊர்ப்பெயருடன் கீழே எழுதுங்கள். குறிப்பாகத் தாராவி, செம்பூர், குர்லா, அம்பர்நாத் நண்பர்களிடம் கேட்கிறேன். தொகுத்து ஒரு சொற்பட்டியலாக வெளியிட எண்ணம்.